செயினை மாற்றினால் பல்சக்கரம் பிழைக்கும்!

மலைப் பாதையில் ஓடும் சைக்கிளுக்குச் சேறுதான் எமன். சேற்றிலுள்ள மணல் செயின் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியையும் அரம் போல் ராவுகிறது.

"செயின் நீண்டுவிட்டது" என்பார் கடைக்காரர். உண்மையில் உருக்கு நீளுவதில்லை. கண்ணிகளைப் பிணைக்கும் ஆணிகள் தேய்வதால் இடைவெளி கூடுகிறது. அப்படித் தேய்ந்த செயின், பின்சக்கரத்தில் அடுக்காக உள்ள பல்சக்கரங்களையும் தின்னத் தொடங்கும். பிறகு புதுச் செயின் போட்டாலும் பல்லில் உட்காராது. ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் வழுக்கும். செயினோடு போகவேண்டிய செலவு பல மடங்காகிவிடும்!

இதைக் கண்டுபிடிக்க ஓர் அடி ஸ்கேல் போதும். ஓர் ஆணியின் நடுவிலிருந்து அதற்கடுத்த 24-வது ஆணியின் நடுவரை, புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். 1/16 அங்குலம் கூடியதுமே செயினை மாற்றிவிட்டால், பெரும்பாலும் பல்சக்கரம் தப்பிவிடும். 1/8 அங்குலம் கூடிவிட்டதா? பெரும்பாலும் பல்சக்கரத்துக்கும் சேர்த்தே பணம் எடுத்துவைக்க வேண்டியதுதான்.

அதை வாங்கும்போது பளபளப்பில் மயங்கவேண்டாம். விலை உயர்ந்தவற்றில் எடையைக் குறைக்கப் பெரிய சக்கரங்களை அலுமினியத்தில் செய்வதுண்டு. மலிவான உருக்குச் சக்கரம் கனம்தான். ஆனால் தேய நாளாகும். பந்தயத்துக்குப் போகாதவருக்கு அந்தக் கனம் ஒரு பொருட்டா, என்ன? 9 சக்கர அடுக்குக்கு 9-க்கான செயின் என்று கணக்கு மட்டும் பொருந்தவேண்டும்.

டிஸ்க் பிரேக்குக்கு உலோகத் துகள் கலந்த கட்டை மழையிலும் சேற்றிலும் நீடித்து உழைக்கும். தட்டில் 'ரெசின் கட்டை மட்டும்' என்று பொறித்திருந்தால் அதைப் போடக் கூடாது.