கணக்கு மீறும் கலவை

பெட்ரோலில் எத்தனால் சேர்த்தால் மைலேஜ் எவ்வளவு குறையும் என்பதைப் பேனாவும் காகிதமும் இருந்தால் சொல்லிவிடலாம். ஆவி எவ்வளவு கிளம்பும் என்பது வேறு கதை. தில்லியின் கோடைக் காற்றுக்கு முக்கியமானது அந்த இரண்டாவது கதைதான்.

மே மாதத்து தில்லி. நிழலிலேயே வெப்பம் 44 டிகிரியைத் தொடுகிறது. பெட்ரோல் பங்க்கில் ஸ்கூட்டரின் டாங்க் மூடியைத் திறந்ததும் காட்டமான வாடை மூக்கில் ஏறுகிறது. காசு கொடுத்து வாங்கும் எரிபொருளில் ஒரு பகுதி எஞ்சினுக்குப் போகாமல் காற்றில் கலக்கிறது என்பதற்கு அந்த வாடையே சாட்சி.

இன்று அந்த டாங்க்கில் விழுவது வெறும் பெட்ரோல் அல்ல. அதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். 2003 ஜனவரியில் 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் 5 சதவீதக் கலப்புடன் தொடங்கிய திட்டம், 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டியது. 2030க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கு முன்னுக்கு இழுக்கப்பட்டு, 2025இலேயே நிறைவேறிவிட்டது. அதே வேகத்தில் சர்ச்சையும் வந்தது. மைலேஜ் குறைகிறது, பழைய வண்டிகள் தாங்குமா என்று வாகன உரிமையாளர்கள் குமுறினார்கள். எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

மைலேஜ் பற்றிய புகாருக்கு விடை எளிது. ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால் கிடைக்கும் வெப்பம், ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் மொத்த இழப்பு 6, 7 சதவீதம். நீதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட திட்ட அறிக்கையும், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டு 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட கார்களுக்கு இதே 6, 7 சதவீதத்தைத்தான் சொல்கிறது. புதிய எஞ்சின்களில் இழப்பு இன்னும் குறைவு. வெப்பம், சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. கலந்த விகிதத்துக்கு ஏற்பக் குறைகிறது.

ஆவி அப்படியல்ல. 38 டிகிரி வெப்பத்தில் பெட்ரோலின் ஆவி அழுத்தம் சுமார் 60 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். தூய எத்தனாலுக்கு அதே வெப்பத்தில் வெறும் 16. கூடுதலாக ஆவியாகும் திரவத்தில் குறைவாக ஆவியாகும் திரவத்தை ஊற்றினால் அழுத்தம் இறங்க வேண்டும். ஆனால் ஏறுகிறது. 10 சதவீத எத்தனால் சேர்ந்ததும் அழுத்தம் சுமார் 7 கிலோபாஸ்கல் உயர்கிறது. அமெரிக்காவின் கோடைக்கால பெட்ரோல் விதிகள், 10 சதவீதக் கலப்புக்கென்றே ஏறக்குறைய இதே அளவு சலுகை கொடுத்திருப்பது இதனால்தான்.

ஒட்டாத உறவு

காரணம் மூலக்கூறுகளின் சுபாவத்தில் இருக்கிறது. ஒவ்வொரு திரவமும் கலவையில் தனக்குள்ள பங்குக்கு ஏற்ப ஆவியைத் தரும் என்று 1887இல் விதி வகுத்தார் பிரெஞ்சு வேதியியலாளர் ரவூல். பென்சீன், டொலுயீன் போல ஒரே குணமுள்ள ஜோடிகள் இந்த விதிக்கு அடங்குகின்றன. எத்தனாலும் பெட்ரோலும் அந்த ரகமல்ல. எத்தனால் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்பவை. பெட்ரோலில் பற்றிக்கொள்ள ஆள் இல்லை. பிடிமானம் இழந்த எத்தனால் எளிதில் ஆவியாகிறது. பெட்ரோலின் இலேசான பகுதிகளும் அதோடு சேர்ந்து, விதி சொல்வதைவிட அதிகமாகக் கிளம்புகின்றன.

இன்னொரு வினோதமும் உண்டு. எத்தனாலைக் கூட்டிக்கொண்டே போனால் ஆவி அழுத்தம் கூடிக்கொண்டே போவதில்லை. உச்சம் 10 சதவீதத்தை ஒட்டியே வந்துவிடுகிறது. அதற்கு மேல் எத்தனாலுக்குத் தன் இனத்தாரின் துணை கிடைக்கிறது. அழுத்தம் மெல்ல இறங்குகிறது. ஆகவே 10லிருந்து 20க்குத் தாவியதால் ஆவி இரட்டிப்பாகிவிட்டது என்று பயப்படுவது தவறு. எத்தனால் சேர்ப்பதால் ஆவிப் பிரச்னையே இல்லை என்பதும் தவறு. முதல் சில சதவீதங்களிலேயே பாதிப்பு பெரும்பாலும் நடந்து முடிந்துவிடுகிறது.

இதே முரண்டு, எத்தனால் பிறக்கும் இடத்திலும் தலைகாட்டுகிறது. சர்க்கரை ஆலையின் வடிசாலையில் புளித்த கரைசலைக் காய்ச்சி வடிக்கும்போது, எடையில் 95.6 சதவீதம் வரைதான் ஆல்கஹால் சேர்கிறது. அந்த இடத்தில் கிளம்பும் ஆவியிலும் அடியில் இருக்கும் திரவத்திலும் ஒரே விகிதம். தூய எத்தனால் 78.4 டிகிரியில் கொதிக்க, இந்தக் கலவை 78.2 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதன்பின் சாதாரண முறையில் எத்தனை முறை வடித்தாலும் முன்னேற்றம் இல்லை. பெட்ரோலில் கலக்கவோ 99.5 சதவீதத்துக்கும் மேல் தூய்மை வேண்டும். 1902இல் சிட்னி யங் பென்சீனைச் சேர்த்து இந்தத் தடையை உடைத்தார். இன்றைய ஆலைகள் மூலக்கூறு சல்லடையை நம்புகின்றன. அந்தச் சல்லடை மணிகளின் நுண்துளைக்குள் சிறிய நீர் மூலக்கூறு நுழைந்து தங்கிவிடும். பெரிய எத்தனால் மூலக்கூறு நுழைய முடியாது.

இவ்வளவு பாடுபட்டு விரட்டிய நீர், மழைக்காலத்தில் பங்க்கின் நிலத்தடித் தொட்டி வழியாகத் திரும்பி வரலாம். 10 சதவீதக் கலவை அரை சதவீத அளவு நீரைத்தான் தாங்கும். மிஞ்சினால் நீரும் எத்தனாலும் கைகோத்து அடியில் படிந்துவிடும். மேலே நிற்பது ஆக்டேன் குறைந்த பெட்ரோல். 20 சதவீதக் கலவை இன்னும் கொஞ்சம் அதிக நீரைத் தாங்கும். ஆனால் வெப்பம் குறையக் குறைய அந்தத் தாங்கும் சக்தியும் குறையும். ஜூலையில் மழை கொட்டி, ஜனவரியில் பல் நடுங்கும் தில்லிக்கு இது சின்ன விஷயமல்ல.

வாடையைப் பிடிப்பது எப்படி?

கோடையில் கவலை ஓசோன். பெட்ரோல் ஆவியும் வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் கடும் வெயிலில் வினைபுரிந்து, தரைமட்டத்தில் ஓசோனை உருவாக்குகின்றன. ஆஸ்துமாக்காரர்களுக்கு அது எதிரி. 8 மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது தேசிய வரம்பு. தலைநகரின் கோடை அதைப் பலமுறை தாண்டியிருக்கிறது. ஆவி மட்டுமே இதற்குக் காரணமல்ல. ஆனால் தடுக்கக்கூடிய காரணங்களில் அதுவும் ஒன்று.

தடுக்கும் வழிகள் புதியவை அல்ல. முதலாவது, சுத்திகரிப்பு ஆலையில். எத்தனால் ஏற்றப்போகும் அழுத்தத்தைக் கணக்கிட்டு, அடிப்படை பெட்ரோலில் பியூட்டேன் போன்ற இலேசான பகுதிகளை முன்கூட்டியே குறைத்துவிடலாம். இரண்டாவது, பங்க்கில். டாங்க்கர் லாரி இறக்கும்போதும் வண்டிக்கு நிரப்பும்போதும் கிளம்பும் ஆவியைத் திரும்ப உறிஞ்சும் கருவிகள் உண்டு. விற்பனை அதிகமுள்ள புதிய பங்க்குகளில் இவை வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் நெறிமுறை வகுத்தது. மூன்றாவது, வண்டியில். டாங்க்கின் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டி புதிய வாகனங்களில் உண்டு. பழைய இருசக்கர வாகனங்கள் பலவற்றில் இல்லை.

மைலேஜ் இழப்பு வண்டிக்காரரின் பர்ஸில் உடனே தெரிகிறது. அதனால் அதற்குக் குரல் கொடுக்க ஆள் உண்டு. ஆவியாகிப் போகும் பெட்ரோலுக்கு ரசீது கிடையாது. அதன் செலவில் ஒரு பங்கை, வண்டியே இல்லாதவரும் சாலையோரத்தில் நின்று மூச்சில் கட்டிக்கொண்டிருக்கிறார்.