கடல் காற்றை அளக்கப் போன இந்தியக் கோள் பனி உருகுவதைக் காட்டியது

கடல் மீது வீசும் காற்றை அளப்பதற்காக இந்தியா அனுப்பிய செயற்கைக்கோள் ஒன்று, 2012ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கிரீன்லாந்துப் பனி உருகியதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியது. அதன் பெயர் ஓஷன்சாட்-2. 960 கிலோ எடையுள்ள இந்தக் கோள், 2009 செப்டம்பர் 23ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் மூலம் ஏவப்பட்டது.

கடலில் காற்று எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று ரேடார் அலைகளால் அளந்து சொல்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. புயல் எச்சரிக்கைக்கு இது மிகவும் பயன்படும். ஆனால் 720 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களை ஒட்டிச் சுற்றிய அந்தக் கோள், கடலோடு பனி நிலத்தையும் சேர்த்தே அளந்து வந்தது. அப்படிக் கிடைத்த கணக்குத்தான் விஞ்ஞானிகளைத் திடுக்கிட வைத்தது.

கிரீன்லாந்தை மூடியிருக்கும் பனிப் பாளத்தின் பரப்பு சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டர். மகாராஷ்டிர மாநிலத்தைப் போல் ஐந்தரை மடங்கு. தமிழ்நாட்டைப் போல் பதின்மூன்று மடங்கு. சில இடங்களில் பனியின் கனம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டுகிறது. இவ்வளவு பெரிய பரப்பில் எங்கே, எந்த நாளில் பனி உருகுகிறது என்பதை மனிதர் நடந்து போய்ப் பார்க்க முடியாது. வானத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்.

உலர்ந்த பனி, ஈரப் பனி

வெறும் புகைப்படம் இதற்குப் போதாது. மேகம் மூடினால் படத்தில் ஒன்றும் தெரியாது. துருவத்தில் மாதக்கணக்கில் நீடிக்கும் இருளிலும் அது பயன்படாது. ஆகவே விஞ்ஞானிகள் மைக்ரோவேவ் எனப்படும் நுண்ணலைகளை நம்பியிருக்கிறார்கள். இவை மேகத்தை ஊடுருவும். இவற்றுக்குப் பகலும் இரவும் ஒன்றுதான்.

இந்த முறைக்கு அடிப்படை மிக எளிய உண்மை. உலர்ந்த பனியும் ஈரப் பனியும் நுண்ணலைக்கு முற்றிலும் வேறு வேறு பொருள்கள். கோளிலிருந்து அனுப்பும் ரேடார் அலை உலர்ந்த பனியின் உள்ளே புகுந்து, மணி மணியாக உள்ள பனித் துகள்களில் பட்டுச் சிதறி, நல்ல பலத்துடன் திரும்பி வரும். பனியில் சிறிதளவு நீர் கசிந்தாலும் போதும். அந்த நீர் அலையை விழுங்கிவிடும். திரும்பி வரும் அலை சட்டென்று பலம் குறையும்.

இன்னொரு வகைக் கருவி அலை எதையும் அனுப்பாது. பனி தானாகவே வெளிவிடும் நுண்ணலையை மட்டும் அளக்கும். இதில் கணக்கு நேர்மாறு. உலர்ந்த பனி குறைவாக வெளிவிடும். ஈரமானால் அளவு திடீரென்று ஏறும். ஒன்றில் இறக்கம், மற்றதில் ஏற்றம். இரண்டும் சொல்லும் செய்தி ஒன்றே: பனி உருகத் தொடங்கிவிட்டது.

நம்ப முடியாத கணக்கு

சாதாரணமாகக் கோடையில் கிரீன்லாந்துப் பனிப் பரப்பில் ஏறக்குறைய பாதியில் மேல்பனி உருகும். 2012 ஜூலை 8ஆம் தேதி சுமார் 40 சதவீதப் பரப்பில் உருகல் காணப்பட்டது. நான்கே நாட்களில், ஜூலை 12ஆம் தேதி, அது 97 சதவீதமாகிவிட்டது.

ஓஷன்சாட்-2 அனுப்பிய கணக்கில் இதை முதலில் கவனித்தவர் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானி சோன் நியெம். கருவியில்தான் ஏதோ கோளாறோ என்று முதலில் அவருக்கே சந்தேகம் எழுந்தது. சரிபார்ப்பதற்காக மற்ற விஞ்ஞானிகளைக் கலந்துகொண்டார். நாசாவின் டாரதி ஹால், வேறு கோள்கள் அளந்த பனிப் பரப்பின் வெப்பநிலையை ஆராய்ந்தார். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் மோட், தானே வெளிவரும் நுண்ணலைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். மூன்று வழிகளிலும் விடை ஒன்றாகவே வந்தது. அதற்குப் பிறகே செய்தி உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது.

தரையிலும் சாட்சி இருந்தது. அதே வாரத்தில் கிரீன்லாந்தின் காங்கர்லுசுவாக் ஊரில் உருகிய நீர் வாட்சன் ஆற்றில் பெருக்கெடுத்து, அங்கிருந்த பாலத்தின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போயிற்று.

97 சதவீதம் என்றால், கிரீன்லாந்துப் பனியில் 97 பங்கு கரைந்துவிட்டது என்று பொருள் அல்ல. அவ்வளவு பரப்பில் மேல்பனி ஈரமானது என்பதே பொருள். உயரமான இடங்களில் உருகிய நீர் சில நாட்களில் மீண்டும் உறைந்துவிட்டது. பனியைத் துளைத்தெடுத்து ஆராய்ந்ததில், உச்சிப் பகுதியில் இதற்கு முன் இப்படி நடந்தது 1889இல் என்றும், சுமார் 150 ஆண்டுக்கு ஒரு முறை நடப்பது என்றும் தெரிந்தது. ஆயினும் 2021 ஆகஸ்ட் 14ஆம் தேதி அதே உச்சியில் பனிக்குப் பதிலாக மழையே பெய்தது. அங்கே மழை பெய்ததாகப் பதிவானது அதுவே முதல் முறை.

மேல்பனி உருகினால் என்ன கெடுதி?

வெள்ளைப் பனி சூரிய ஒளியின் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். நனைந்து நிறம் மங்கிய பனி அதிக வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அதனால் உருகல் மேலும் உருகலை வளர்க்கிறது.

தென்துருவத்தில் வேறு ஆபத்தும் உண்டு. 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அண்டார்டிகாக் கரையை ஒட்டிக் கடலில் மிதந்த லார்சன்-பி என்னும் பனித் தட்டு, சுமார் ஐந்து வாரங்களில் 3,250 சதுர கிலோமீட்டர் அளவுக்கு நொறுங்கிப் போயிற்று. மேலே தேங்கிய நீர் வெடிப்புகளில் இறங்கி அதைப் பிளந்துவிட்டது என்பது விஞ்ஞானிகளின் முடிவு. மிதக்கும் பனி உடைவதால் மட்டும் கடல் மட்டம் உயராது. ஆனால் அது தடுத்து வைத்திருந்த நிலப் பனி வேகம் கொண்டு கடலுக்குள் இறங்கியது.

கிரீன்லாந்து 2002க்குப் பிறகு சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 27,000 கோடி டன் பனியை இழந்து வருவதாக, புவியீர்ப்பை அளக்கும் கோள்கள் காட்டியுள்ளன. சுமார் 36,000 கோடி டன் பனி கடலில் சேர்ந்தால் உலகக் கடல் மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயரும். கேட்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் கடலுக்கு எல்லை கிடையாது. அங்கே இறங்கிய நீர் மும்பைக் கடலிலும் சென்னைக் கடலிலும் கணக்கில் சேரும்.

விட்டுப்போகக் கூடாத பேரேடு

பனி உருகலை நுண்ணலையால் அளக்கும் கணக்கு, 1978 அக்டோபரில் ஏவப்பட்ட நிம்பஸ்-7 கோளிலிருந்து தொடர்கிறது. இத்தனை ஆண்டுக் கணக்கு கையில் இருந்ததால்தான் 2012இல் நடந்தது எவ்வளவு அசாதாரணம் என்று சொல்ல முடிந்தது.

ஓஷன்சாட்-2இன் காற்றளவுக் கருவி 2014 பிப்ரவரியில் ஓய்ந்தது. 2016 செப்டம்பரில் ஸ்காட்சாட்-1 போகும் வரை அந்த வேலைக்கு இந்தியக் கருவி இல்லை. பிற நாட்டுக் கோள்களே கணக்கைத் தொடர்ந்தன. பிறகு 2022இல் ஓஷன்சாட்-3 ஏவப்பட்டது. 2025 ஜூலை 30ஆம் தேதி, இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் ரேடார் கோளும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. பூமியின் நிலத்தையும் பனியையும் 12 நாட்களுக்கு ஒரு முறை சுற்றி வந்து அளப்பது அதன் பணி.

கோள்கள் பழுதாவது சகஜம். ஒன்று ஓயும் முன் அடுத்தது தயாராக இருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம். உருகி ஓடிய நாளின் பனியை மறுநாள் போய் அளக்க எவராலும் முடியாது.