படுக்கையறை ஈரத்தை அளக்கும் குட்டி போர்டு

பாபடோயிட்டோயின் பழைய மரவீடுகளில் ஜூன் வந்தால் சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சை தலைகாட்டும். எங்கள் சின்னவளுக்கு ராத்திரி இருமல். "ரூம்ல ஈரம்"னு நான், "ஹீட்டர்தான் ஓடுதே"ன்னு இவர். அளந்து பார்த்தால்தான் இந்த வழக்கு தீரும்.

அளக்கப் பெரிய செலவில்லை. வைஃபை உள்ள இ.எஸ்.பி.32 போர்டு, டி.எச்.டி.22 சென்சார், மூன்று வயர். குடும்பமாகப் போய் பீட்சா சாப்பிடும் காசுக்குள் முடிந்துவிடும். பெரியவன் புரோகிராம் எழுதினான். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெப்பமும் ஈரப்பதமும் கூகுள் ஷீட்டில் ஏறும். சென்சாரை ஜன்னல் பக்கமோ ஹீட்டருக்கு மேலேயோ வைக்காதீர்கள். கட்டில் உயரத்தில் இருக்கட்டும். ஈரப்பதக் கணக்கில் 2 முதல் 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கும், அதற்காகச் சண்டை வேண்டாம்.

முதல் வாரமே விடிகாலையில் 14 டிகிரி, ஈரப்பதம் 80க்கு மேல்! உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வேண்டும் என்கிறது. இங்கே வாடகை வீட்டு வரவேற்பறை ஹீட்டருக்கும் சட்டப்படி அதே 18தான் கணக்கு. எங்கள் ஹீட்டரை டைமர் பத்து மணிக்கே அணைத்துவிடுகிறது! சனிக்கிழமை சாயங்காலம் ஈரம் எகிறியதற்குக் காரணம் ஹாலில் காயப்போட்ட துணி. ஞாயிறு காலை எகிறியது இட்லிப் பானை. துணி கராஜுக்குப் போனது. இட்லியை நிறுத்த முடியுமா? அடுப்புக்கு மேலுள்ள ஃபேனைப் போட்டோம்.

அளந்தாச்சு, அடுத்து ஹீட்டரையும் போனிலேயே போடணும்னு பையனுக்கு ஆசை. மன்னார்குடிப் பக்கம் வயல் வைத்திருக்கும் என் பெரியப்பா அப்படித்தான் பம்புசெட்டை ஓட்டுகிறார். ஸ்டார்ட்டர் பெட்டியில் சிம் கார்டு. போன் பண்ணினால் மோட்டார் ஓடும், கரண்ட் இருக்கான்னு பதிலும் வரும். அவரிடமே கேட்டான். "மோட்டார் முன்னாடி யாரும் துணி காயப்போட மாட்டாங்கடா" என்றார்.

அதுதான் விஷயம். 2400 வாட்ஸ் ஹீட்டர் 230 வோல்ட்டில் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மலிவு ரிலேயின் மேல் '10 ஆம்பியர்' என்று அச்சடித்திருந்தாலும் ராத்திரி முழுக்க அதை நம்ப முடியாது. வீட்டு மின்சாரத்தில் பிள்ளைகள் கை வைக்கவே கூடாது, யு.எஸ்.பி.யின் 5 வோல்ட் போதும். இவன் அதில் எல்.இ.டி. மாட்டியிருக்கிறான். 70 சதவீதம் தாண்டினால் சிவப்பு எரியும். முதலில் பார்ப்பவர் பத்து நிமிஷம் ஜன்னலைத் திறக்கணும்; முக்கால்வாசி நாள் அது நான்தான்.