கலயத்தில் ஒரு விரல் சுண்ணாம்பு

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகும் சாலையோரம், பங்குனி வெயில் ஏறுவதற்கு முன்பே, சைக்கிளில் இரண்டு குடங்களைக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்து நிற்பார். பனையோலையை மடக்கிப் பட்டை பிடித்து நம் கையில் கொடுத்து, பதநீரை மெல்லச் சாய்ப்பார். "அவசரப்படாத தம்பி, வாசனையைப் புடி முதல்ல" என்பார். பச்சை ஓலை வாடையோடு சுண்ணாம்பு வாடையும் மூக்கில் ஏறும். குடித்து முடித்தால் பட்டையின் மடிப்பில் வெள்ளையாக மாவு போலக் கொஞ்சம் படிந்திருக்கும்.

அந்த வெள்ளைப் படிவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பாளையில் சாறு பிடிக்கும் கலயத்தின் உட்புறம் ஒரு விரல் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர், குழந்தைக்கும் கொடுக்கலாம். தடவாமல் விட்டிருந்தால் அதே மரம், அதே பாளை, அதே சாறு கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் அது குற்றம்.

பனையில் சாறு தானாக வழியாது. இலைகள் தயாரிக்கும் சர்க்கரையைப் பூவுக்கும் காய்க்கும் அனுப்ப மரம் பாளைக்குள் திருப்பிவிடும். அந்த ஓட்டத்தை நடுவழியில் வாங்கிக்கொள்வதுதான் மரமேறியின் தொழில். இளம்பாளையை இடுக்கியால் பதமாக நசுக்கி, நாரால் கட்டி, சில நாள் பழக்கிய பிறகு நுனியைச் சீவுவார்கள். வெட்டிய வாய் விரைவில் அடைத்துக்கொள்ளும். அதனால் காலையும் மாலையும் ஏறி, தாள் கனத்துக்கு ஒரு சீவல் எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். மேலோட்டமாகச் சீவினால் சாறு சொட்டாது. அறுபது எழுபது அடி உயரத்தில், காலில் தளைநார் மட்டும் துணையாக நின்றுகொண்டு, பாளை அரிவாளால் இதைச் செய்கிறார்கள். நம் ஊரில் இதைவிட நுட்பமான கைவேலை அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சாற்றில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு சர்க்கரை. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் காத்திருக்கிறது. சொட்டு விழுந்த உடனே அது வேலையைத் தொடங்கி, சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கிறது. கள் நுரைப்பது அந்த வாயுவால். கூடவே பாக்டீரியாக்கள் புளிப்பைச் சேர்க்கின்றன. காலையில் இறக்கிய கள் மாலையில் கடுக்கும். மேலும் வைத்தால் காடியாகிவிடும். சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்குகிறது. அந்தக் காரத்தில் ஈஸ்ட் பெருக முடியாது, இனிப்பும் அப்படியே நிற்கும். நுண்ணுயிர் என்ற சொல்லே இல்லாத காலத்தில் இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

ஒப்பிட்டுப் பார்த்தால், மரமே சர்க்கரைச் சாறு தரும் இந்த வசதி அயர்லாந்துக்காரர்களுக்குக் கிடையாது. அவர்களுக்குக் கிடைத்தது பார்லி. பார்லியில் இருப்பது மாவு. ஈஸ்ட் மாவைத் தின்னாது. எனவே தானியத்தை ஊறவைத்து முளைகட்டுகிறார்கள். முளைக்கும்போது உண்டாகும் நொதிகள் மாவைச் சர்க்கரையாக்கும். 1759இல் டப்ளினில் ஆர்தர் கின்னஸ் ஒரு பீர் ஆலையை 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். அங்கே உருவான கறுப்பு பீருக்கு நிறம் தருவது வறுத்த பார்லி. அந்தப் பீரின் ஆல்கஹால் அளவு ஏறக்குறைய நம் கள்ளின் அளவுதான்: நூற்றுக்கு நாலேகால் பங்கு. பாளை கொடுப்பதைப் பெற அவர்களுக்குப் பெரிய ஆலை தேவைப்பட்டது.

அவர்கள் கூடும் இடம் 'பப்'. பொது வீடு என்ற சொல்லின் சுருக்கம் அது. நாட்டுப்புறப் பப்கள் பல, ஒரு பக்கம் மளிகைக் கடையாகவும் இருந்தன. மூலையில் நாலு பேர் பிடில், புல்லாங்குழல் வாசிப்பார்கள். ஊர்ச்செய்தி அங்கேதான் கைமாறும். அங்கும் மதுவால் குடும்பங்கள் அழிந்தன. 1838இல் தியோபால்ட் மேத்யூ என்ற பாதிரியார் மதுவிலக்கு இயக்கம் தொடங்கினார், லட்சக்கணக்கானோர் உறுதிமொழி எடுத்தார்கள். சரியாக 99 ஆண்டு கழித்து, 1937இல், ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அயர்லாந்தில் 'பொச்சீன்' என்றொரு நாட்டுச் சாராயம் உண்டு. சிறு பானை என்று பொருள், நம் கலயமேதான். 1661 முதல் தடையில் இருந்த அதை 1997இல் சட்டத்துக்குள் கொண்டுவந்து, இன்று தங்கள் மரபுச் சொத்தாக விற்கிறார்கள்.

நமக்கும் மரபு சின்னதல்ல. செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், வழிப்போக்கரான கூத்தருக்கு மலைவாழ் மக்கள் தரும் விருந்தைச் சொல்கிறது. மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேன் கலந்த கள் அந்த விருந்தில் வருகிறது. அயர்லாந்து விஸ்கியை மரப்பீப்பாயில் குறைந்தது மூன்றாண்டு வைக்க வேண்டும் என்பது இன்றைய விதி. மரத்துக்குள் வைத்தால் மது மாறும் என்பது அந்த மலைவாழ் மக்களுக்குச் சங்க காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

இதே திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாற்றங்கரையில் திருவோத்தூர் இருக்கிறது. அந்தக் கோயிலின் தலமரம் பனை. ஓர் அடியார் வளர்த்த பனைகள் எல்லாமே ஆணாகிப்போக, சம்பந்தர் பதிகம் பாடி அவற்றைக் குலையீன வைத்தார் என்பது தலவரலாறு. அடியாரின் வருத்தத்துக்கு இயற்கையில் காரணம் உண்டு. பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரம். பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டாகும், அதுவரை எது ஆண், எது பெண் என்று தெரியாது. ஆண் பனையில் நுங்கு கிடைக்காது. ஆனால் பதநீர் இரண்டிலும் கிடைக்கும். காய்க்கவில்லையென்று ஆண் பனையை வெட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கள் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு ஓயவில்லை. கேரளத்திலும் புதுச்சேரியிலும் கள்ளுக்கடை இருக்கிறது, இங்கே இல்லை. குடியால் கண்ணீர் விட்ட வீடுகளை அறிந்தவன் நான். அந்தத் தீர்ப்பை அவசரமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கள்ளுக்கும் பதநீருக்கும் ஏறும் கால் ஒன்றுதான். மரமேறி இல்லாத ஊரில் மாநில மரமான பனை வெறும் விறகு. சாலையோரப் பெரியவரின் பிள்ளைகள் யாரும் மரம் ஏறுவதில்லை.

கிரிவலம் வருகிறவர்கள், வெயில் ஏறும் முன்பே பதநீர் வாங்கிக் குடியுங்கள். சர்க்கரைத் தண்ணீர் கலந்தும் விற்கிறார்கள். அதனால் முதலில் முகர்ந்து பாருங்கள், பிறகு பட்டையின் அடியில் சுண்ணாம்பு படிகிறதா என்று கவனியுங்கள். பேரம் பேசாதீர்கள். பருவம் ஆனியோடு முடிந்துவிடும்.