எண்ணா? கண்ணா?

மணம் பேசப் போகும் வீட்டார் சாதகத்தையும் பார்க்கிறார்கள். ஆளையும் நேரிற் காண்கிறார்கள். சாதகம் பொருந்தி ஆள் பிடிக்காமற் போனாலோ, ஆளைப் பிடித்துச் சாதகம் பொருந்தாமற் போனாலோ, அன்றிரவு அவ்வீட்டில் எவருக்கும் உறக்கமில்லை. ஏறக்குறைய இதே வழக்குத்தான், பெரும்பாலும் ஆனி மாதத்தில், அமெரிக்கக் கூடைப்பந்து அணிகளின் அலுவலகங்களிலும் நடைபெறுகின்றது. அங்கே சாதகத்தின் இடத்தில் இருப்பது கல்லூரி ஆட்டங்களின் புள்ளி விபரம்.

இத்தெரிவு நடைபெறும் முறையை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது கூறுவோம். தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் 30 தொழில்முறை அணிகள் உள்ளன. கல்லூரிகளில் ஆடிவரும் இளைஞரையும் பிறநாட்டு இளைஞரையும் இவ்வணிகள் தத்தம் முறை வரும்போது ஒவ்வொருவராகப் பெயர் கூறித் தெரிவு செய்கின்றன. முந்திய பருவத்தில் நலிந்த அணிகளுக்கே முன்னிடம் கிட்டும் வாய்ப்பு அதிகம். இரு சுற்றுக்களிலுமாக ஏறத்தாழ 60 பேருக்கு இடமுண்டு. முதற் சுற்றிற் பெயர் கூறப்பட்டவனுக்குப் பல இலட்சம் டொலர் சம்பளம் உறுதியாகிறது. பெயர் கூறப்படாதவனோ அணி அணியாகச் சென்று வாசலில் நிற்க வேண்டியவன். அவ்விரவு அவன் வெறும் இளைஞன்தான்.

எத்தனை முறை எறிந்தான், எத்தனை கூடையில் வீழ்ந்தன, வளையத்திற் பட்டு மீண்ட பந்தை எத்தனை முறை கைப்பற்றினான், எதிரியிடமிருந்து எத்தனை முறை பறித்தான் என்பன யாவும் ஏட்டில் உள்ளன. இவ்வளவும் இருக்க, இளைஞரை நேரிற் காண்பதற்கென ஊர் ஊராகச் சம்பளத்துக்கு ஆள் அனுப்புவானேன்? பொன்னை உரைத்து மாற்றுக் காண்போரைப் போன்ற இவர்களை நாம் நோட்டக்காரர் என்றே அழைப்போம். மூன்று இளைஞரின் கதை இவர்களுடைய தேவையை விளக்கும்.

2006இல் அடம் மொறிசன் கல்லூரியில் ஆட்டத்துக்குச் சராசரி 28.1 புள்ளி பெற்றிருந்தார். 2009இல் ஸ்டீபன் கறி 28.6 பெற்றார். (பெயர் மட்டுமே நம் அடுக்களையை நினைவூட்டும்.) 2011இல் ஜிமர் பிரடெட் 28.9 பெற்றார். மூவரும் தத்தம் ஆண்டில் முதற்தரக் கல்லூரிகள் அனைத்திலும் முதல்வராக நின்றவர்கள். சாதகம் மூன்றும் ஒன்றே எனலாம். மூன்றாவதாகத் தெரிவான மொறிசன், தொழில்முறை ஆட்டத்தில் 7.5 புள்ளிச் சராசரியுடன் சில ஆண்டுகளில் ஒதுங்கினார். பத்தாவதாகத் தெரிவான பிரடெட்டின் சராசரி 6.0, பின்னர் அவர் சீன நாட்டிற் போய்ப் புள்ளி மழை பொழிந்தது வேறு கதை. ஏழாவதாகத் தெரிவான கறியோ நான்கு முறை வெற்றிக் கிண்ணம் வென்ற அணியின் தலையாய ஆட்டக்காரர். தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிகையிற் சங்க வரலாற்றிலேயே முதல்வர். அவ்வாண்டு 5ஆம், 6ஆம் இடங்கள் இரண்டையும் பெற்றிருந்த மினசோட்டா அணி, கறி ஆடும் நிலைக்குரிய வேறிருவரைத் தெரிந்தெடுத்தது!

புள்ளித் தொகை எதைக் கூறுகிறது? அணியில் வேறு வல்லவர் இல்லாதபோது பந்து ஒருவனிடமே வரும். வந்ததை எறிந்துகொண்டிருந்தாற் புள்ளி சேரும். எதிரியை மறிக்கக் கால் விரையவில்லை என்பதை அத்தொகை கூறுவதில்லை. கறியின் கையிலிருந்து பந்து எவ்வளவு விரைவிற் கிளம்பியது என்பதையும் அது கூறாது. இவற்றைக் கண்ணே காண வேண்டும். 2008இல் நான்காவதாகத் தெரிவான ரசல் வெஸ்ட்புறூக் கல்லூரியில் 12.7 புள்ளிதான் பெற்றார். பந்தை நடத்திச் செல்லும் பொறுப்பு அங்கே பெரும்பாலும் மற்றொருவரிடம் இருந்தது. அவருடைய வேகத்தை நேரிற் கண்டவர்கள் எண்ணை நம்பாது கண்ணை நம்பினார்கள். 2017இல் அவர் சங்கத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசைப் பெற்றார்.

அப்படியாயின் கண்ணே போதும் என்று கூறிவிடலாமா? கூடாது. 2007 முதல் 2020 வரை ஹூஸ்டன் அணியை நிருவகித்த டரில் மோறி கணக்கை நம்பித் தெரிவு செய்தவர்களுள் முன்னோடி. மைக்கல் லூயிஸ் என்னும் எழுத்தாளர் 2016இல் வெளியிட்ட நூலில் அவர் தம் பிழைகளைத் தாமே விரித்துரைக்கிறார். ஸ்பானிய நாட்டு மார்க் கசோலை மோறியின் கணக்கு 2007இல் உயர்வாக மதித்தது. ஆனால் மேற்சட்டையின்றிப் பருத்த உடலுடன் கசோல் நின்ற நிழற்படம் ஒன்று அலுவலகத்தினர் கையிற் கிடைத்தது. உடனே ஒரு கேலிப்பெயர் பிறந்தது. சிரிப்பிலே கணக்கு மறைந்தது. 48ஆவதாக வேறோர் அணியாற் பெயர் கூறப்பட்ட கசோல், 2013இல் சங்கத்தின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனார். அதன்பின் கேலிப்பெயர் சூட்டுவதையே மோறி தடைசெய்துவிட்டார்.

ஹாவர்ட் சர்வகலாசாலையில் ஆடிய ஜெரமி லின்னின் பெற்றோர் தைவானிலிருந்து வந்தவர்கள். 2010இல் அவர் பெயரை எவருமே கூறவில்லை. கணக்கு அவரை உயர்வாகவே மதித்திருந்தது. ஆயினும் சீன முகமுடைய ஒருவர் விரைந்தோடும் ஆட்டக்காரர் என எவர் கண்ணுக்கும் தோன்றவில்லை. 2012 மாசியில் நியூயோர்க் நகரமே அவர் ஆட்டத்தைக் கண்டு ஆர்ப்பரித்தது. இதன்பின் மோறி இட்ட விதி எமக்கு மிகவும் பிடித்தது: ஓர் இளைஞனைப் பழைய ஆட்டக்காரர் ஒருவருடன் ஒப்பிட விரும்பும் நோட்டக்காரர், வேறோர் இனத்தவருடனேயே ஒப்பிட வேண்டும். நிறத்தை நீக்கிவிட்டால் முக்காற்பங்கு ஒப்புமைகள் வாயிலேயே நின்றுவிடும் என்பது எமது எண்ணம்.

ஆனால் மோறியின் கணக்கும் ஒரு முறை பெருந்தவறு செய்தது. 2008இல் அது ஜோயி டோர்சி என்பவரை வெகுவாகப் புகழ்ந்தது. 33ஆவதாகப் பெயர் கூறப்பட்ட அவரை ஹூஸ்டன் கைக்கொண்டது. இரண்டு இடம் தள்ளி 35ஆவதாக வேறோர் அணிக்குப் போனவர் டிஅண்ட்ரே ஜோர்டன். கல்லூரியில் ஒரே ஆண்டு, ஆட்டத்துக்கு 7.9 புள்ளி, கணக்கு அவரைப் பொருட்படுத்தவில்லை. டோர்சி சங்கத்தில் நிலைக்கவில்லை. ஜோர்டனோ மீண்ட பந்தைக் கைப்பற்றுவதில் 2014, 2015 ஆகிய இரு பருவங்களிற் சங்கத்துக்கே முதல்வராக நின்றார். எங்கே பிழைத்தது? டோர்சிக்கு வயது 24, ஜோர்டனுக்கு 19. வளர்ந்த ஆண்மகன் ஒருவன் பையன்களுடன் மல்லுக்கு நின்று பெற்ற எண்களை, அப்பையன்களில் ஒருவனின் எண்களுடன் ஒரே தராசில் நிறுத்துவிட்டார்கள்! பரீட்சையை இரண்டாம் முறை எழுதியவரின் புள்ளிக்கும் முதன்முறை எழுதியவரின் புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டை எம் மாணவ வாசகர்கள் நன்கறிவர். அதுமுதல் மோறியின் கணக்கில் வயதும் இடம்பெற்றது.

2011இல் இன்னொரு தெரிவு நிகழ்ந்தது. கவாய் லெனார்ட் என்னும் இளைஞருக்கு மிகப் பெரிய கைகள். மீண்ட பந்து அவரைத் தப்பிச் செல்வது அரிது. ஆனால் மூன்று புள்ளி எறிகையில் அவர் கல்லூரியின் இறுதிப் பருவத்தில் நூற்றுக்கு 29 தான் வீழ்த்தினார். எண்ணை மட்டும் பார்த்தவர்கள் எறியத் தெரியாதவர் என்று தள்ளியிருப்பர். ஆனால் எவரும் மறியாது எறியும் தண்ட எறிகையில் அவர் நான்குக்கு மூன்று வீழ்த்தியிருந்தார். வருங்கால எறிதிறனுக்கு அவ்வெண் நல்ல அடையாளம் என்பர் கணக்கறிந்தோர். சான் அன்ரோனியோ அணியில் எறிகை பயிற்றுவதில் வல்ல சிப் எங்கலண்ட் என்பவர் இருந்தார். கைப்பிடியைத் திருத்தினால் எறிகை திருந்தும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்நம்பிக்கைக்கு விலையும் உண்டு: 15ஆவதாகப் பெயர் கூறப்பட்ட லெனார்டைப் பெறுவதற்கு, தம் பயிற்றுநரின் அன்புக்குரியவரும் தேர்ந்த ஆட்டக்காரருமான ஜோர்ஜ் ஹில்லை இந்தியானா அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். முதற் பருவத்திலேயே லெனார்ட் மூன்று புள்ளி எறிகையில் நூற்றுக்கு 37க்கு மேல் வீழ்த்தினார். 2014இல் சான் அன்ரோனியோ கிண்ணம் வென்றபோது இறுதிப் போட்டிகளின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. அப்போது அவருக்கு வயது 22.