சிறு மேசையில் ஒரு விண்வெளிப் போர்



விளையாட்டு என்றவுடன் திடலே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயினும் கேமரன் மலையில் சமநிலம் அரிது; மழையோ மிகுதி. பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டால் திடல் சேறாகிவிடும். மாணவர்கள் வகுப்பறையிலேயே அடைபட்டிருக்க நேரும். அவ்வேளைக்கு உகந்த மேசை விளையாட்டு ஒன்றைக் குறைந்த செலவில் நாமே ஆக்கிக்கொள்ளும் முறையை இங்கு விளக்க முற்படுகின்றோம். அது விண்வெளி வீரர்களும் மாபெரும் இயந்திரங்களும் மோதும் போர் விளையாட்டு.

போர் விளையாட்டு நமக்குப் புதியதன்று. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படைகளைக் கட்டத்துக்குள் அடக்கிய சதுரங்கம் இந்திய மண்ணில் பிறந்து உலகெங்கும் பரவியது. ஆடுபுலி ஆட்டத்தையோ நம் முன்னோர் தரையில் கோடு கிழித்தே ஆடினர். அதில் புலிகள் 3, ஆடுகள் 15. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும்; ஆடுகள் ஒன்றுகூடிப் புலியை அசையவிடாமல் மடக்கும். இரு படைகளும் சமமல்ல. ஆயினும் இரண்டுக்கும் வெற்றி வாய்ப்பு உண்டு. இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் போருக்கு விதிநூல் எழுதியோருள் ஒருவர் எச். ஜி. வெல்ஸ். செவ்வாய்க் கிரகத்தார் பூமியின் மீது படையெடுப்பதாக 1898ஆம் ஆண்டில் நாவல் வெளியிட்ட அதே அறிவியல் புனைகதை ஆசிரியர்தாம் அவர். 1913ஆம் ஆண்டில் 'சிறு போர்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் அவ்விதிநூலை வெளியிட்டார்.

அறிவியல் புனைவும் பொம்மைப் போரும் பிற்காலத்தில் ஒன்றாய்க் கலந்தன. 1987ஆம் ஆண்டில் ரிக் பிரீஸ்ட்லி என்பவர் எழுதி, கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்னும் இங்கிலாந்து நிறுவனம் வெளியிட்ட 'வார்ஹேமர் 40,000' அவ்வகையில் புகழ்பெற்றது. அதன் வீரர்கள் ஏறத்தாழ 25 முதல் 28 மில்லிமீட்டர் உயரமுடையவர்கள். மறு ஆண்டிலேயே, மாபெரும் போர் இயந்திரங்களைக் கொண்ட 'அடெப்டஸ் டைட்டானிக்கஸ்' மிகச் சிறிய அளவில் வெளிவந்தது. 30 ஆண்டுகளுக்குப் பின், 2018இல், அவ்விளையாட்டு புத்துருப் பெற்று மீண்டும் வந்தது. இளமையில் இவற்றை ஆடியவர்கள் இன்று நடுவயதைக் கடந்துவிட்டனர். அவர்களுட் சிலர் பழைய விதிநூலைத் தேடியெடுத்து, அதே போரை 6 மில்லிமீட்டர் வீரர்களைக் கொண்டு மீண்டும் அமைத்து மகிழ்கின்றனர்.

சிறிதாக்குவதால் என்ன பயன்?

1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை அளக்க வந்தார். அவர் பெயரே இம்மலைக்கு நிலைத்தது. மலையைத் தாளில் அடக்குவதற்கு நில அளவையாளர் கையாளும் அளவுவிகிதமே இங்கும் நமக்குத் துணை. 180 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதனை 6 மில்லிமீட்டராகக் குறைத்தால் அளவுவிகிதம் 300க்கு 1. அவ்விகிதத்தில் 90 சென்டிமீட்டர் உயரமுள்ள தேயிலைச் செடி 3 மில்லிமீட்டர் ஆகும். 216 மீட்டர் நீளமுள்ள தேயிலைச் சரிவு 72 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். வீரனின் உயரம் 28 மில்லிமீட்டர் என்றால் அதே சரிவுக்கு 3 மீட்டருக்கு மேல் நீளமான மேசை வேண்டும். நம் வீடுகளில் அத்தகைய மேசைக்கு இடமேது?

மற்றொரு கணக்கும் உண்டு. பொம்மையின் உயரத்தை நான்கில் ஒரு பங்காக்கி, மற்றப் பக்கங்களையும் அவ்வாறே குறைத்தால், வண்ணம் பூசவேண்டிய பரப்பு 16இல் ஒரு பங்காகும். பொம்மைக்கு வேண்டிய பொருளோ 64இல் ஒரு பங்கே. ஆகவே சிறியது செய்தால் செலவு பன்மடங்கு குறையும். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் இதனைச் சோப்புக் கட்டியை வெட்டிச் சரிபார்க்கலாம்.

தூரத்தை எவ்வாறு குறைப்பது? பழைய விதிகள் அங்குலத்தில் எழுதப்பட்டவை. ஒவ்வோர் 'அங்குலம்' என்னும் சொல்லையும் 'சென்டிமீட்டர்' என மாற்றி வாசித்தால் போதும். 6 அடிக்கு 4 அடி மேசை, அதாவது 72க்கு 48 அங்குலம், 72க்கு 48 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர் ஆதலின் தூரம் சுமார் இரண்டரை மடங்கு குறைகின்றது. 28 மில்லிமீட்டர் வீரன் 6 மில்லிமீட்டர் ஆகும்போதோ நாலரை மடங்குக்கு மேல் குறைகின்றான். எனவே வீரனின் பார்வையில் களம் முன்னைவிட விரிந்து தோன்றும்.

செய்யும் முறை

கடைகளில் விற்கும் பொம்மைகள் விலை மிகுந்தவை. பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் கலந்திருப்பதும் உண்டு. அது நஞ்சாதலின் சிறுவர் கைக்கு ஆகாது. நமக்குத் தீப்பெட்டியே போதும். தீக்குச்சிகளின் மருந்துத் தலையைப் பெரியவர்கள் நீக்கித் தரவேண்டும். பின்னர் குச்சியை 6 மில்லிமீட்டர்த் துண்டுகளாக நறுக்கி, 2 சென்டிமீட்டர்ச் சதுர அட்டையில் ஐந்தைந்தாக நிற்க வைத்து ஒட்டினால் ஒரு குழு ஆயிற்று. இவ்வளவு சிறிய வீரரைத் தனித்தனியே நகர்த்துவது கடினம். ஆதலின் குழுவையே ஒரு காயாகக் கொள்க. வெறும் பெட்டியை நிமிர்த்தி நிறுத்தினால் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். நம் அளவுவிகிதப்படி அது 15 மீட்டர் உயர இயந்திரம்! பழைய அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினால் மலை. பாத்திரம் துலக்கும் பச்சை நாரைக் கீற்றாக நறுக்கி ஒட்டினால் தேயிலை நிரை.

ஆடுபுலி ஆட்டத்தின் கணக்கையே படைக்கும் கொள்வோம். ஒருவருக்கு 3 இயந்திரங்கள். மற்றவருக்கு 15 குழுக்கள். முறைக்கு ஒருமுறை ஒவ்வொரு காயையும் 6 சென்டிமீட்டர் வரை நகர்த்தலாம். இயந்திரம் நகர்ந்தபின் 24 சென்டிமீட்டருக்குள் உள்ள ஒரு குழுவைச் சுடலாம். பகடையில் 4, 5, 6 விழுந்தால் அக்குழு நீங்கும். குழு தேயிலைக்குள் மறைந்திருந்தால் 5, 6 மட்டுமே செல்லும். வெட்டவெளியில் ஆபத்து இரண்டில் ஒன்று, மறைவில் மூன்றில் ஒன்று என்பதை மாணவர் தாமே கண்டறிவர். குழுக்கள் சுடுவதில்லை, நான்கு பக்கமும் நான்கு குழுக்கள் ஒட்டி நின்றால் இயந்திரம் செயலிழக்கும். மூன்றும் செயலிழந்தால் குழுக்களுக்கு வெற்றி. எஞ்சிய குழுக்கள் நான்குக்குக் குறைந்தால் இயந்திரங்களுக்கு வெற்றி. ஆடிப் பார்த்து, ஒரு பக்கமே வென்றுகொண்டிருந்தால் எண்களைச் சற்றே மாற்றிக்கொள்க.

ஒவ்வொரு படைக்கும் ஒரு கதை எழுதுங்கள். சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்னும் இயந்திர நாய்க்கு உயிரூட்டியதுபோல், உங்கள் தீப்பெட்டிக்கும் பெயரும் குணமும் கொடுங்கள். அதுவே சிறந்த கட்டுரைப் பயிற்சி.

பிள்ளைகள் போரை விளையாடலாமா எனப் பெற்றோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் திரும்பி வரவில்லை. அத்துயரைச் சுமந்த சமூகம் போரை எளிதாய்ப் பேசலாகாது. வெல்ஸும் தம் நூலின் முடிவில் பொம்மைப் போரே போதும், மெய்ப்போர் வேண்டா என்றுதான் வாதிட்டார். அடுத்த ஆண்டே, 1914இல், முதல் உலகப் போர் மூண்டது. உலகம் அவர் சொல்லைக் கேட்கவில்லை. மேசையில் நீக்கிய காயை மறு ஆட்டத்தில் மீண்டும் வைக்கலாம். களத்தில் வீழ்ந்த மனிதரை எவராலும் மீட்க இயலாது. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது நம் கடமை. தோற்றவர் வென்றவரின் கைகுலுக்கிய பின்னரே காய்களை எடுத்து வைக்கவேண்டும் என்பதையும் ஒரு விதியாகவே கொள்க.

வரும் விடுமுறையில் மாணவர்கள் இதனைச் செய்து பார்ப்பார்களாக. அளவுகோல், பசை, பழைய அட்டை, மூன்று வெறும் தீப்பெட்டிகள், 13 தீக்குச்சிகள், ஒரு பகடை இருந்தால் போதும். பள்ளி திறந்ததும் தாம் செய்த படைகளையும் திருத்திய விதிகளையும் வகுப்புக்குக் கொண்டுவருக. மழை பெய்யும் பிற்பகலில் ஆடி மகிழ்வோம்.