சிறு பாவையும் செய்முறை நூலும்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கைத்தொழிலை நூலால் கற்க முயல்வோரை நோக்கியே இப் பழமொழி பிறந்ததோ என்று சில வேளைகளில் எனக்குத் தோன்றுவதுண்டு. ஆயினும், தேர்ந்த கைவினைஞர் ஒருவரின் அருகிருந்து கற்கும் பேறு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. அது வாய்க்காத பிள்ளைக்கு நூலே குரு. குருவைத் தேடும்போது நாம் காட்டும் கவனத்தை நூலைத் தேடும்போதும் காட்டுதல் வேண்டும். இவ்வுண்மையை நான் ஒரு பிழை செய்தே அறிந்துகொண்டேன்.

கண்டி வாவிக்குத் தென்கிழக்கே மலைச்சரிவில் அமைந்த ஊர் அம்பிட்டிய. பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1893இல் நிறுவிய குருமடத்தினால் பெயர்பெற்றது. அக் குருமடம் 1955இல் பூனாவுக்குப் பெயர்ந்தபின், இலங்கையின் தேசியக் குருமடம் இங்கு இயங்கி வருகின்றது. மார்கழி வந்தால் கிறிஸ்தவ இல்லங்களில் பாலன் குடில் எழும். புரட்டாதியில் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் நவராத்திரிக் கொலு அமையும். ஆதலின், ஒரு சாண் உயரத்துக்கும் குறைந்த சிறு பாவைகளைச் செய்யவும் அவற்றிற்கு வண்ணந் தீட்டவும் ஆசைகொள்ளும் மாணவர்க்கு இவ்வூரில் பஞ்சமில்லை.

நான் ஓவியம் கற்பித்த பாடசாலையின் நூலகத்திற்கு ஒருமுறை இக்கலை பற்றி ஒரேயொரு நூல் வாங்கப் பணம் கிடைத்தது. பக்கந்தோறும் வண்ணப்படங்கள் மின்னிய பெரிய நூல் ஒன்றைத் தெரிந்தெடுத்தேன். அதிலிருந்த உருவங்கள் அனைத்தும் முடிந்த உருவங்கள்; குறையொன்றும் காணமுடியாதவை. பிள்ளைகள் கூடிநின்று வியந்தனர். நானும் பெருமிதங் கொண்டேன்.

மாணவி ஒருத்தி அந்நூலை மடியில் வைத்துக்கொண்டு, கொழுந்து பறிக்கும் தன் பாட்டியின் உருவத்தைக் களிமண்ணாற் செய்யத் தொடங்கினாள். கூடைக் கயிறு தலையில் அழுந்த, சற்றே முன்குனிந்து நிற்கும் உருவம். உள்ளே கம்பி வைத்து, மேலே மண் அப்பி, நான்கு நாள் பாடுபட்டாள். ஐந்தாம் நாள் கணுக்காலிலும் கழுத்திலும் வெடிப்புக் கண்டது; அடுத்த நாள் தலை தனியே வந்துவிட்டது. காரணம் அறிய இருவருமாக நூலைப் புரட்டினோம். வெடிப்பைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. “எனக்குக் கை வராது, சேர்” என்று சொல்லிவிட்டு அவள் மண்ணைப் பழைய வாளியில் இட்டாள். மறுவாரம் அவள் ஓவிய அறைப் பக்கம் வரவில்லை.

நூலின் குறையை அப்பிள்ளை தன் குறையாக ஏற்றுக்கொண்டாள். தவறான நூலால் விளையும் கேடு இதுவே. பணம் போனால் மீண்டும் தேடலாம். தன் கையின்மேல் ஒரு பிள்ளைக்கிருந்த நம்பிக்கை போனால் அதைத் தேடித்தருவது எளிதன்று.

உண்மையில் நடந்தது யாது? களிமண் உலரும்போது சுருங்கும். உலர்ந்து சூளையிலும் வெந்தபின் பல வகை மண் பத்தில் ஒரு பங்களவு குறைந்துவிடும். உள்ளேயிருக்கும் கம்பியோ சுருங்காது. மெல்லிய கணுக்கால் விரைந்து உலர, தடித்த உடல் ஈரத்தோடு நிற்கும். இவ்விரண்டு இழுப்புக்கும் நடுவே மண் பிளக்கின்றது. ஈரத்துணியாற் போர்த்தி மெல்ல உலரவிடுதல், சுடவேண்டிய உருவத்தில் கம்பியைத் தவிர்த்தல், தடித்த பகுதியை உட்குடைதல் ஆகிய மூன்றும் தெரிந்திருந்தால் பாட்டியின் தலை தப்பியிருக்கும். எனவே, செய்முறை நூலைக் கையிலெடுத்தவுடன் முடிந்த உருவத்தின் படத்தைப் பாராதீர்கள்; வெடிப்பு, சுருக்கம், உலர்த்தல் என்பவற்றுக்கு அதில் இடமுண்டா என்று பாருங்கள். பிழையைப் பற்றிப் பேசாத நூல் மாணவனுக்காக எழுதப்பட்டதன்று.

அடுத்து, படிகளைப் பாருங்கள். இலண்டன் அரச கலைக் கல்லூரியில் சிற்பம் கற்பித்த எட்வேட் லாந்தேரி, 1902ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட தம் நூலுக்கு ‘ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் வழிகாட்டி’ என்றே பெயரிட்டார். உருவம் எலும்புச் சட்டத்திலிருந்து வளரும் வரிசை அதில் உண்டு. இத்தாலியிற் பிறந்த சிற்பி புரூனோ லுக்கேசியின் நூல் 1980இல் வந்தது. ஒரே உருவம் எலும்பு, தசை, தோல் எனக் கைக்குள் உருவாவதை அது படிப்படியாகக் காட்டுகின்றது. முடிந்த உருவம் வியப்பைத் தரும். முடியாத உருவமே வழியைத் தரும்.

மேலைநாட்டார் நூல்களையே நாடவேண்டுமோ எனின், அன்று. அளவு என்னும் பகுதியில் நம் சிற்ப மரபுக்கு நிகர் அரிது. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் முதல்வராயிருந்த வை. கணபதி ஸ்தபதி (1927–2011) இயற்றிய ‘சிற்பச் செந்நூல்’ அவ்வளவுகளைத் தமிழில் விளக்குகின்றது. ஒரு தாலம் 12 அங்குலம். நவதால உருவம் 108 அங்குலம். இங்கே அங்குலம் என்பது கடைச் சட்டத்து அங்குலமன்று. உருவத்தின் உயரத்தையே பகுத்துப் பெறும் கூறு. ஆதலின் கோயிற் சிலைக்கு உரிய கணக்கு கொலுப் பாவைக்கும் பொருந்தும். 108 மில்லிமீற்றர் உயரப் பாவைக்கு ஓர் அங்குலம் ஒரு மில்லிமீற்றர். முகம் 12 மில்லிமீற்றர். உலகெங்கும் சிறு உருவம் செய்வோர் பெரிதும் கையாளும் 54 மில்லிமீற்றர் அளவு இதில் சரிபாதி. முகம் 6 மில்லிமீற்றர் ஆகிவிடும்.

கண்டிக் கைவினைஞரிடமும் இத்தகைய அளவு நூல்கள் இருந்தன. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947), ‘சாரிபுத்திர’, ‘ரூபாவலிய’ முதலிய சிற்ப நூல்களைப் பற்றித் தம் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கில நூலில் எழுதினார். இங்கிலாந்தில் வில்லியம் மொரிசின் பழைய அச்சுப்பொறியிலே 425 படிகளாக 1908இல் அச்சேறி முடிந்த அரிய நூல் அது. ஆயினும், அதைப் படித்து ஒருவன் கண்டிக் கலையை அறியலாம்; பாவை செய்யக் கற்கமுடியாது. கலையை விவரிக்கும் நூல் ஒன்று, அளவு கூறும் நூல் ஒன்று, கைக்கு வழிகாட்டும் நூல் ஒன்று. ஒன்றை வாங்கி மற்றொன்றின் பயனை எதிர்பார்ப்பதாலேயே ஏட்டுச் சுரைக்காய் என்ற பழி எழுகின்றது.

வண்ணத்துக்கு வருவோம். முகம் 6 மில்லிமீற்றர் என்றால், கண் ஓர் எள்ளின் அளவுகூட இராது. அவ்வளவு சிறிய மடிப்புக்களில் ஒளி தானாக நிழலை வீழ்த்தாது. பெரிய சிலையில் ஞாயிறு செய்யும் வேலையைச் சிறு பாவையில் தூரிகை செய்யவேண்டும். மேட்டில் வெளிறிய நிறமும் பள்ளத்தில் ஆழ்ந்த நிறமும் தீட்டுவது அதனாலேதான். அமெரிக்கரான ஷெப்பர்ட் பெயின் 1993இல் வெளியிட்ட நூல் இத்துறையில் பலர்க்கு ஆசானாக விளங்கியது. ஆனால் குளிர்நாட்டு நூல்கள் கூறும் உலரும் நேரத்தை அப்படியே நம்பலாகாது. ஐப்பசி மழையில் நனையும் கண்டியில் மண்ணும் வண்ணமும் வேறு கணக்கில் உலரும்.

காரணம் கூறாத விதியையும் ஐயுறவேண்டும். நம் நாட்டில் புத்தர் படிமத்துக்குக் கண் திறப்பது இறுதிச் சடங்கு. கைவினைஞர் கண்ணாடியில் நோக்கியபடியே அதைத் தீட்டுவர். இக்காலச் சிறு உருவக் கலைஞர் சிலரோ கண்ணை முதலில் எழுது என்பர். பிசகினால் சுற்றியுள்ள முகத்தைக் கெடாமல் திருத்தலாம் என்பது அவர் கருத்து. முன்னையது வழிபாட்டின் வரிசை. பின்னையது வசதியின் வரிசை. ஏன் என்று சொல்லும் நூலே மாணவனைச் சிந்திக்கச் செய்யும்.

வாங்குமுன் எம்பெக்கே தேவாலயத்துக்கு ஒருமுறை சென்று வருக. அங்குள்ள மரத்தூண்களின் சிறு சதுரங்களுக்குள் மற்போர் புரிவோரும், பிள்ளைக்குப் பாலூட்டும் தாயும், அன்னங்களும் அடங்கியிருப்பதைக் காணலாம். எவ்வளவு விவரத்தை விட்டுவிட்டால் உருவம் உயிர்பெறும் என்பதை அத்தூண்கள் சொல்லும். அதைக் கண்ட கண்ணோடு கடையிலுள்ள நூலைப் புரட்டினால், மினுக்கம் ஏமாற்றாது.

பின்னர் ஒரு பழைய புத்தகக் கடையில் மெல்லிய நூலொன்று கண்டேன். படங்கள் கறுப்பு வெள்ளை. பாதி முடிந்த உருவங்கள், உடைந்த கை, அதை ஒட்டும் முறை. அதை அந்த மாணவியின் வகுப்புக்கே சென்று கொடுத்தேன். வெடிப்புப் பற்றிய பக்கத்தை நின்றபடியே படித்தாள். “அப்ப மண்ணிலைதான் பிழை, என்னிலை இல்லையா சேர்?” என்று கேட்டாள்.

“பிழை நான் வாங்கிய புத்தகத்தில்” என்றேன்.

இரண்டாவது பாட்டிக்கும் இடக்காலில் ஒரு கீறல் விழுந்தது. ஆனால் இம்முறை அவள் எழுந்துபோகவில்லை. ஈரத்துணியை எடுத்து வந்தாள்.